ஒரே ஆன்டெனாவில் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் ஏ.ஐ.எஸ். கருவியும் இயங்குமா?

கேள்வி: நாங்கள் தூத்தூரைச் சேர்ந்தவர்கள். எங்கள் விசைப்படகு ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குச் செல்கிறது. வீல்ஹவுஸ் மேல் வி.எச்.எஃப். செட்டுக்கான ஆன்டெனா ஒன்று உள்ளது. படகின் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி ஒன்றை, சிறு படகுகளுக்கான கிளாஸ் பி வகையில், புதிதாக வாங்கியுள்ளோம். ‘டி’ கனெக்டர் போட்டு இரண்டையும் அதிலேயே இணைத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: ‘டி’ கனெக்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உங்கள் வி.எச்.எஃப். செட் 25 வாட் திறனில் ஒலிபரப்புகிறது, ஏ.ஐ.எஸ். கருவியின் வாங்கிப் பகுதியோ ஒரு மைக்ரோவாட்டின் மிகச் சிறு பங்காக வந்து சேரும் குறிகளைக் கேட்பதற்காக அமைக்கப்பட்டது. இரண்டையும் நேரடியாகப் பிணைத்தால், மைக்கை முதல்முறை அழுத்தும்போதே அந்த வாங்கி எரிந்துபோகக்கூடும்.

ஒரே ஆன்டெனாதான் என்றால் மின்சாரத்தில் இயங்கும் ஸ்பிளிட்டர் வேண்டும். எந்தக் கருவி ஒலிபரப்புகிறது என்பதை உடனே உணர்ந்து, ஆன்டெனாவை அதனிடம் கொடுத்து, மற்றதைத் துண்டித்து வைப்பதே அதன் வேலை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஏ.ஐ.எஸ். குறிகளைப் பெற மட்டும் செய்யும் கருவிகளுக்கான ஸ்பிளிட்டரும் கடைகளில் கிடைக்கும். உங்களுடையது அனுப்பவும் செய்வதால் அது பயன்படாது. மின்சாரம் நின்றுபோனாலும் வி.எச்.எஃப். இணைப்பு தானாக ஆன்டெனாவோடு சேர்ந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்கி, பொருத்தியதும் ஸ்பிளிட்டரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு வயர்லெஸ்ஸில் பேசிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு ஸ்பிளிட்டரையும் நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். கிளாஸ் பி கருவி, படகு மணிக்கு 2 நாட்டிக்கல் மைல் வேகத்துக்கு மேல் ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறையும், அதற்குக் குறைந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறையுமே தன் இருப்பிடத்தை அறிவிக்கும். இரவில் தூண்டில் போட்டு நீரோட்டத்தோடு மிதந்து கிடக்கும் படகு இரண்டாவது வகை. கருவி அறிவிக்கும் அந்த ஒரு நொடியில் உங்கள் படகில் யாராவது மைக்கை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தால் ஸ்பிளிட்டர் ஏ.ஐ.எஸ். குறியை வெளியே விடாது. அடுத்த அறிவிப்புக்கு மேலும் 3 நிமிடம் ஆகும். மணிக்கு 15 நாட்டிக்கல் மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் அந்த 6 நிமிடத்தில் ஒன்றரை நாட்டிக்கல் மைல் நெருங்கியிருக்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் கடலில் ‘ஓஷியானிக்’ விசைப்படகு மீது கப்பல் மோதி மீனவர்கள் உயிரிழந்ததைக் குமரிக் கரை மறந்திருக்காது. விடிய விடிய வயர்லெஸ்ஸில் பேச்சு நடக்கும் படகுகளுக்குத் தனி ஆன்டெனா அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த இரண்டாவது ஆன்டெனா, ஏ.ஐ.எஸ். இயங்கும் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிச் சீரமைக்கப்பட்டதாக இருக்கட்டும், வழக்கமான வி.எச்.எஃப். ஆன்டெனா, அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அமைந்திருக்கும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைப்பதானால் 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது கப்பல்களுக்கான ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வழிகாட்டுதல், உங்கள் படகில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றாக, 2 மீட்டர் இடைவெளியில் கம்பத்தில் பொருத்தினால் போதும். ஜி.பி.எஸ். ஆன்டெனா இக்கணக்கில் சேராது. அது தனியாகவே இருக்கும்.

இனி கேபிள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 15 மீட்டர் ஓட்டினால் திறனில் ஏறத்தாழ பாதி வழியிலேயே போய்விடும். பெரும்பாலும் 2 வாட் மட்டுமே அனுப்பும் கிளாஸ் பி கருவிக்கு இது பெரிய இழப்பு. தடித்த ஆர்.ஜி.213 போடுங்கள். பழைய கேபிளின் முனையைச் சீவிப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் உப்புநீர் ஏறிவிட்டது, முழு நீளத்தையும் மாற்றிவிடுங்கள். புதிய கனெக்டர்களின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

இந்தப் பயணத்துக்குள் இரண்டாவது ஆன்டெனா வந்து சேராது என்றால் ஸ்பிளிட்டரோடு செல்லலாம். தூண்டில் போட்டுக் கிடக்கும் நேரத்தில் மைக்கில் பேச்சைச் சுருக்கிக்கொள்ளும்படி படகில் அனைவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.