தோட்டத்துப் பாலர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கும் கொள்கைக்குப் பெற்றோரின் கருத்தை எப்படிக் கேட்பது?

வரைவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டமும் போட்டீர்கள்; வந்த ஐந்து பேரும் ‘நல்லா இருக்கு டீச்சர்’ என்று சொல்லிப் போய்விட்டார்கள் என்கிறீர்கள். நேரமும் தப்பு, கேள்வியும் தப்பு. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போகிறவர்கள் 10 மணிக்குச் செம்பனைக் காட்டில் இருப்பார்கள். மாலை 5 மணிக்கு வையுங்கள். மழை வரும், கூரையுள்ள இடமாகப் பாருங்கள். சம்பள நாளன்று வேண்டாம், எல்லாரும் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

முதலில் ஒன்று. குறையுள்ள பிள்ளையைச் ‘சேர்க்கலாமா’ என்று கேட்கவே கூடாது. மலேசியாவின் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவிலேயே அந்தப் பிள்ளைகளைப் பாலர் பள்ளியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று இருக்கிறது. கை தூக்கச் சொல்லி முடிவெடுக்கும் விஷயமா இது? ‘எப்படிச் சேர்ப்பது’ என்பதற்கு மட்டும் கருத்துக் கேளுங்கள்.

‘உள்ளடங்கிய கல்விக் கோட்பாடு’ என்று ஆரம்பித்தால் வாத்தியாரே தலையைச் சொறிவார். கண்ணால் பார்ப்பதைக் கேளுங்கள்: பள்ளி வாசலில் பிள்ளை எந்த இடத்தில் அடம்பிடிக்கிறது? கழிவறைக்குத் தனியாகப் போகிறதா? எந்த விளையாட்டில் மற்றவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை? ‘சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கிறான்’ என்று ஒரு பாட்டி சொல்வதிலிருந்தே ஒரு கொள்கை வரி கிடைத்துவிடும். பாட்டிதான் பிள்ளையை வளர்க்கிறார் என்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு வட்டத்தில் ஆறேழு பேர் போதும். தலைமையாசிரியர் உட்காராமல் இருந்தால் வாய் திறப்பார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவாகக் கேட்கலாம். குழுவில் போட்டால் கட்டைவிரல்தான் வரும், தனித்தனியாக அனுப்புங்கள். கோவிலில் அறிவிப்பு மட்டும் செய்யுங்கள். அங்கே வைத்துப் பேசினால் யாராவது முன்வினையை இழுப்பார்கள், குறையுள்ள பிள்ளையின் தாய் மறுபடி வரமாட்டாள்.

அவளை வீட்டில், தனியாக, எல்லாருக்கும் முன்பாகப் பாருங்கள். நாற்பது வீட்டு லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) பேசாத பிள்ளை ஒன்றுதான் என்றால், பெயரை எடுத்துவிட்டாலும் யாரென்று தெரியும். அதனால் சொன்னதைப் பொதுவில் வாசிக்குமுன் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரத்தில் பழக்க தோஷத்தில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருக்கும் வீடு அதைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடும். ஒதுக்கப்படும் பிள்ளைகளில் அவர்களும் உண்டு.

நான்கு வாரம் கழித்து வரைவைத் தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கமாக வாசித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே மூன்று பத்தி: கேட்டது, செய்தது, முடியாதது. முடியாததற்குக் காரணம் அளவுக் கணக்கோடு இருக்கட்டும். ‘வாசல்படி 15 செ.மீ.; 1:12 சரிவில் (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) சாய்தளம் போட 1.8 மீட்டர் வேண்டும், முன்னால் கால்வாய் இருக்கிறது, அதனால் பின்கதவில் போடுகிறோம்’ என்று எழுதினால், பின்கதவு எப்போதும் பூட்டிக் கிடப்பதை யாராவது அங்கேயே சொல்வார்கள்.