மல்லிகை எப்போது பூக்கும்? கவாத்துத் தேதியைக் கேளுங்கள்!

கேள்வி: மாடியில் சிமெண்டுத் தொட்டியில் குண்டுமல்லி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் பூ பூக்கிற நாளைத் தினசரி காலண்டரில் குறித்து வைப்பேன். போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைக்க இடமில்லை என்று செடியை வெட்டிவிட்டேன், மாசி கடைசியில் பூத்தது. இந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் வெட்டினார்கள், பங்குனி முடியப்போகும்போதுதான் முதல் பூவே. ஏன் இப்படி மாறுகிறது? சில மொட்டுகள் ஊதாவாகி உதிரவும் செய்கின்றன.
- வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும், பழைய குச்சியில் கட்டாது, அதனால் நீங்கள் என்றைக்கு வெட்டுகிறீர்களோ அன்றிலிருந்துதான் செடி தன் கணக்கைத் தொடங்குகிறது. தீபத்துக்கு வெட்டியது மாசியில் பூத்தது, பொங்கலுக்கு வெட்டியது பங்குனிக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். செடி மேல் குறையே இல்லை.

மதுரைப் பக்கம் தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள், இதைத்தான் கவாத்து என்பார்கள். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை எல்லாம் போகும். அப்புறம் தூரைச் சுற்றிக் கொத்தி மக்கிய தொழு உரம் வைப்பார்கள். மார்கழிப் பனியில் துளிர் மெதுவாகத்தான் வரும், வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும், வரத்தும் கூடும். அப்போதுதான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லிக்கே கவாத்து இல்லாமல் நல்ல பூ கிடையாது என்றால், தொட்டிச் செடிக்கு மட்டும் எப்படி?

காலண்டரில் பூத்த நாளோடு இன்னும் இரண்டு தேதிகள் சேர்த்துக் குறியுங்கள்: வெட்டிய நாள், முதல் அரும்பு கண்ணில் பட்ட நாள். அரும்பைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. துளிர் நுனியில் இரண்டு இலைகளுக்கு நடுவே பச்சையாக மிளகுபோல் மூன்று நிற்கும், அதில் நடுவில் இருப்பதுதான் முதலில் பருத்து முதலில் விரியும், பக்கத்து இரண்டும் அப்புறம்தான். நான் தினமும் விடியற்காலையில் அந்த நடுமொட்டைத்தான் பார்ப்பேன், அது வெளுத்துப் பருத்துவிட்டால் அன்று சாயங்காலம் மாடி மணக்கும். கட்டுவதற்குப் பறிப்பதென்றால் விரியும் முன், வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுங்கள்.

ஊதா மொட்டை உரித்துப் பாருங்கள், ஓட்டையும் உள்ளே சிறு புழுவும் இருந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளையும் கீழே உதிர்ந்ததையும் பொறுக்கிக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள், தொட்டியிலேயே கிடந்தால் புழு பெருகும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை, சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அடிக்கடி வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து இலையில் தெளித்தால் போதும்.

அடுத்த முறை தீபத்துக்கு இடம் இருந்தாலும் பரவாயில்லை, செடியை அப்போதே வெட்டிவிடுங்கள் அம்மா. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் தொட்டியை ஓரமாக நகர்த்தி மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.