அம்பயரின் கை, ஹோயின் கை

வணக்கம்.

பழைய பேஸ்பால் பற்றி எழுதியபோது வில்லியம் ஹோய் என்ற காது கேளாத ஆட்டக்காரரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அம்பயர்கள் கையசைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமே அவருக்காக வந்தது என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் விட்டது தப்புதான்.

சைகைக் கதை பாதி சரி. அமெரிக்காவில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் சின்ன லீகில் ஆடும்போது, அம்பயர் என்ன சொன்னார் என்று ஹோய் திரும்பிப் பார்ப்பதற்குள் பிட்சர் அடுத்த பந்தை எறிந்துவிடுவார். அதனால் மூன்றாம் பேஸ் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலைகளில் ஒன்று) பக்கம் நிற்கும் கோச்சைக் கை தூக்கிக் காட்டச் சொன்னார். வலது கை என்றால் ஸ்டிரைக் (அடிக்கிறவருக்குப் பாதகமான தீர்ப்பு), இடது கை என்றால் 'பால்' (எட்டாமல் விலகிப்போன பந்து). காட்டியது கோச், அம்பயர் இல்லை. அம்பயர் சைகைக்குப் பேர் வாங்கிய பில் க்ளெம், பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகுக்கு வந்ததே 1905இல். ஹோயின் கடைசி பெரிய லீக் ஆட்டம் 1902இல்.

இந்தக் கதை அவருடைய ஆட்டத்தையே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் எரிச்சல். ஒஹாயோக்காரர், மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் காது போனது, செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1888இல் வாஷிங்டன் அணிக்கு வந்த முதல் வருஷமே 82 பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) லீகில் முதலிடம். மொத்தம் 2,000 ஹிட்டுக்கு (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸைச் சேர்வது) மேல்.

அப்புறம் 1889 ஜூன் 19. அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்தே ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை ஹோம் பிளேட்டில் (ரன் எடுக்க வந்து சேர வேண்டிய கடைசி நிலை) அவுட்டாக்கினார். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்பவர் ஒரே இன்னிங்ஸில் மூன்று ரன் அவுட் செய்கிற மாதிரி.

உயரமான கேட்சுக்கு இருவர் ஓடினால் என்ன ஆகும்? பக்கத்தில் ஆடிய சாம் கிராஃபோர்ட் சொல்லியிருக்கிறார்: ஹோய் கீச்சென்று ஒரு சத்தம் போடுவார், கேட்டதும் மற்றவர் ஒதுங்கிக்கொள்வார். ஹோய் வீட்டு அழைப்பு மணியையும் கிராஃபோர்டே விவரிக்கிறார். வாசலில் குமிழை இழுத்தால் ஒரு ஈயக் குண்டு உருண்டு தரையில் தொம்மென்று விழும். மனைவிக்கும் காது கேட்காது. அந்த அதிர்வு காலில் தெரிந்துதான் கதவைத் திறப்பார்கள்.

எல்லோரும் அழைத்த பேர் 'டம்மி' ஹோய். நாம் 'டம்மி பீஸ்' என்கிற அர்த்தம் இல்லை, ஊமை என்று அர்த்தம். இன்று யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவரோ அந்தப் பேரை மறுக்கவில்லை.

1961 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்), சின்சினாட்டி மைதானத்தில் ஓர் ஆட்டத்தின் முதல் பந்தை எறிந்தவர் அவர்தான். அந்த டிசம்பரில் இறந்தார். சதத்துக்கு ஐந்து மாதம் பாக்கி.