அப்பாவுக்கு பி.என்.பி. அதிகம்: புரோஸ்டேட் புற்றுநோய்க்கு இது நல்லதா?

கேள்வி: அப்பாவுக்குப் புரோஸ்டேட் கேன்சர். ரத்தப் பரிசோதனையில் பி.என்.பி. என்ற இதய ஹார்மோன் அதிகம் என்று வந்திருக்கிறது. இதய ஹார்மோன் புற்றுச் செல்லை அடக்கும் என்று படித்தேன். அப்படியானால் நல்லதுதானே?

இல்லைங்க, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பி.என்.பி. ஏறியிருந்தால் பெரும்பாலும் இதயம் சிரமப்படுகிறது என்று அர்த்தம். வயதும் சிறுநீரகக் கோளாறும்கூட அதை ஏற்றும். எப்படியானாலும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் படித்தது பொய்யில்லை. இதயம் ஹார்மோனும் சுரக்கும் என்பது 1981-ல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் செய்த சோதனையில் தெரிந்தது. எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். அவை உப்பும் நீருமாகக் கழித்துத் தள்ளின. அந்தப் பொருள்தான் ஏ.என்.பி. உங்கள் அப்பா ரிப்போர்ட்டில் இருக்கும் பி.என்.பி. அதற்குத் தம்பி மாதிரி. அமெரிக்காவின் டாம்பாவில் டேவிட் வெசலியின் குழு, ஏ.என்.பி.யையும் அதே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டுப்பட்டு வரும் இன்னும் மூன்று ஹார்மோன்களையும் புரோஸ்டேட் புற்றுச் செல்களில் விட்டுப் பார்த்து 2005-லிருந்து முடிவுகளை வெளியிட்டது.

செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தி ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறித்தான் போகும். ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் ஈ.ஆர்.கே.யை. பாஸ்பேட் ஏறிய ஈ.ஆர்.கே. உட்கருவுக்குள் போனால் செல் பிரிவதற்கான வேலை தொடங்கும். பல புற்றுச் செல்களில் இந்த வரிசை ஓய்வதே இல்லை. இதய ஹார்மோன்களை விட்டதும் மெக், ஈ.ஆர்.கே. இரண்டுமே அடங்கின, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு கூடுவதுதான் அதற்கு வழி என்றது அந்தக் குழு.

நானும் சில வருஷம் ஆய்வகத்தில் ஈ.ஆர்.கே.யோடு மல்லுக்கட்டியவன். பாஸ்பேட் ஏறிய ஈ.ஆர்.கே. சோதனை ஃபிலிமில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அது மங்கினால் எங்களுக்குக் குஷி. ஒருமுறை அப்படி மங்கியதைப் பார்த்து ஒரு வாரம் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே சாம்பிளில் பாஸ்பேட் ஏறியது, ஏறாதது எல்லாம் சேர்த்து மொத்த ஈ.ஆர்.கே.யைப் பார்த்தால் அதுவும் மங்கல்! ஈ.ஆர்.கே. அடங்கவில்லை, செல்லே குறைந்திருக்கிறது. நான் வளர்த்த எல்.என்.கேப் என்ற புரோஸ்டேட் புற்றுச் செல்கள் தட்டில் சரியாக ஒட்டாது. செல் வளரும் திரவத்தை மாற்றும்போது பாதி செல்லை நானே உறிஞ்சிக் கொட்டியிருக்கிறேன்.

சரி, கோடு நிஜமாகவே மங்கியது என்றே வைத்துக்கொள்வோம். வெசலி குழு எவ்வளவு ஹார்மோன் ஊற்றியது என்று பாருங்கள். பெரிய விளைவெல்லாம் மைக்ரோமோலார் அளவில் வந்தவை. ரத்தத்தில் ஏ.என்.பி. ஓடுவது பிக்கோமோலார் கணக்கில் (ஒரு மைக்ரோமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமோலார்), அதுவும் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு அது பல மடங்கு ஏறினாலும் தட்டில் ஊற்றியதன் பக்கத்தில்கூட வராது. என் கணக்கில் இது சிகிச்சை ஆவதற்கு இன்னும் வெகுதூரம்.

ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி அப்பாவுக்குப் போடுகிறார்களா? அந்தச் சிகிச்சையில் இதயத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த பி.என்.பி. ரிப்போர்ட்டை கேன்சர் டாக்டரின் ஃபைலிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.