வாசகர் கேள்வி – பதில்: பேஸ் கிட்டார் கையோடு டபுள் பேஸ் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: அண்ணா, நான் கொட்டகலைப் பக்கம். பாடசாலைக் காலத்திலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கிறிஸ்மஸ் கரோல் என்று ஹட்டன், தலவாக்கலை வட்டாரத்தில் எங்கள் கோஷ்டிக்கு ஓரளவு வேலை இருக்கிறது. இப்போது டபுள் பேஸ் ஆசை, ஆள் உயரத்தில் பெரிய வயலின் மாதிரி நிற்குமே, அது பிடித்துவிட்டது. பழையதுதான் கட்டுப்படியாகும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கொழும்பில்: 'ஜெர்மன், ஃபுல் சைஸ், முழு மரம்' என்று விளம்பரம், படத்தில் பார்க்கவே ஜம்மென்று இருக்கிறது, ஆனால் முன்பக்கம் சின்ன வெடிப்பு, இரண்டு ஸ்ட்ரிங் இல்லை. மற்றது கண்டியில்: சீனாவில் செய்த ப்ளைவுட், அங்கங்கே வார்னிஷ் உரிந்திருக்கிறது, ஆனால் இப்போதும் வாசிக்கிற நிலையில் இருக்கிறதாம். விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது? எனக்குத் தெரிந்த பேஸ் இதில் எவ்வளவுக்கு உதவும்?
— வாசகர், கொட்டகலை

பதில்: தம்பி, கண்டிக்குப் போங்க.

கொழும்பில் இருப்பது மோசமான வாத்தியம் என்று சொல்லவில்லை, பார்க்காத பொருளை அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் 'சின்ன வெடிப்பு' என்கிறார்களே, அது எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓரத்தில் மரத்தின் ரேகையோடு போகிற வெடிப்பு என்றால் ஒட்டிவிடலாம். ஸ்ட்ரிங்குகளைத் தாங்கி நிற்கிற கட்டை பிரிட்ஜ், அதில் ஜி ஸ்ட்ரிங் பக்கத்துக் காலுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளே, சவுண்ட் போஸ்ட் என்று ஒரு உருண்டைக் கட்டை முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து நிற்கும். நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கிறது, அந்த இழுவையின் அழுத்தம் பிரிட்ஜ் வழியாக வந்து இறங்குகிற இடம் அது. வெடிப்பு அங்கே ஓடியிருந்தால் முன்பலகையைக் கழற்றி, உள்பக்கம் புது மரம் பதித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு வாத்தியத்தின் விலையையே எட்டிப் பிடித்துவிடும், சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், செய்கிற கை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? தளபாடம் செய்கிற பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை அவரிடம் கொடுக்காதீங்க. இந்த வாத்தியங்களை வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள், பிறகு தேவைப்படும்போது பலகை உடையாமல் திறக்க வேண்டும் என்பதற்காக. அவர் நல்ல மனதோடு வெள்ளை வூட் கம்மைப் பூசி கிளாம்ப் போட்டுவிட்டால், அடுத்து வருகிறவனால் அதைச் சுத்தமாகத் திறக்கவே முடியாது.

இரண்டு ஸ்ட்ரிங் இல்லாததும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த சவுண்ட் போஸ்ட் பசை போடாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கிறது, ஸ்ட்ரிங் தளர்ந்தால் விழுந்துவிடலாம். விழுந்தது தெரியாமல் ஆர்வத்தில் நீங்கள் புது ஸ்ட்ரிங் போட்டு முறுக்கினால் முன்பலகை அமுங்கும். புது ஸ்ட்ரிங் என்றதும் கிட்டார் ஸ்ட்ரிங் விலை மனதில் வரும், இது அந்தக் கணக்கே இல்லை: ஸ்பைரோகோர் என்ற பெயரில் விற்கிற பேஸ் ஸ்ட்ரிங் மாதிரி ஒரு செட் நூறு டொலருக்கு மேலே.

'ஃபுல் சைஸ்' என்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். உலகம் முழுக்கப் பெரியவர்கள் வாசிப்பது பெரும்பாலும் முக்கால் சைஸ்தான். ஸ்ட்ரிங் நீளம் அதில் 104 முதல் 106 சென்டிமீட்டர், உங்கள் பேஸ் கிட்டாரில் அநேகமாக 86. இந்த வித்தியாசமே முதல் மாதத்தில் விரலைப் பிழிந்து எடுத்துவிடும், அதற்கு மேல் பெரிய வாத்தியம் எதற்கு? அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய் தலைப் பக்கம் ஸ்ட்ரிங்குகள் படிந்து வருகிற நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்து பாருங்க, விளம்பரத்தில் எழுதியிருப்பதை விட அது உண்மை பேசும். உள்ளே ஒட்டியிருக்கும் ஜெர்மன் லேபிளையும் அவ்வளவாக நம்ப வேண்டாம், லேபிளை யாரும் ஒட்டலாம்.

ப்ளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, நம் சங்கீதக்காரர்களில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கொட்டகலைக் காலநிலையை நினைத்துப் பாருங்க. மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே மூடுபனி, உடுப்பு காயாது, சுவரில் பூஞ்சணம். தை, மாசியில் இரவெல்லாம் விறைக்கிற குளிர், பகலில் தகரக் கூரை கொதிக்கும். முழு மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அந்த நேரத்தில் விளிம்பு ஒட்டு விடும், சில சமயம் பலகையே வெடிக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அவ்வளவு எளிதில் வெடிக்காது. அமெரிக்காவில் 1930களிலிருந்து கே கம்பனி ஏராளமாகச் செய்து விற்றதும் ப்ளைவுட் பேஸ்தான், பாடசாலையிலும் நடனக் குழுக்களிலும் அது அடி வாங்கி உழைத்தது. வில் போட்டு வாசித்தால் முழு மரத்தின் இனிமை வராது என்பது உண்மை. நீங்கள் மேடையில் விரலால்தானே வாசிக்கப் போகிறீர்கள்.

கண்டியில் என்ன பார்க்க வேண்டும் என்றால், உரிந்த வார்னிஷை விடுங்க, முதலில் நெக்கைப் பாருங்க. நெக் உடம்போடு சேரும் அடிப்பகுதியில் போன் டோர்ச்சை அடித்து, மயிரிழை மாதிரிக் கோடு ஏதாவது ஓடுகிறதா, பழைய பசை பிதுங்கி நிற்கிறதா என்று சுற்றிப் பார்க்கணும். அங்கே உடைந்து ஒட்டியது என்றால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அப்புறம் ஃபிங்கர்போர்ட், அதாவது நெக்கின் மேல் விரல் அழுத்துகிற பலகை. மலிவான பேஸில் கருங்காலிக்குப் பதில் சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள், விளிம்பின் அடிப்பக்கத்தில் உரசின இடம் வெளுத்துத் தெரிந்தால் அதுதான் சங்கதி. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்ட்ரிங்குக்குக் கீழே விரல் நுனியால் தடவிப் பாருங்க, பள்ளம் விழுந்திருந்தால் சீவ வேண்டி வரும். தலைப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் நடுவில் லேசாகக் குழிந்திருக்க வேண்டும், மேடு இருந்தால் ஸ்ட்ரிங் பலகையில் பட்டு இரையும்.

ஸ்ட்ரிங் உயரத்தைப் பார்த்து மிரளாதீங்க. பேஸ் கிட்டாரில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் பழகின ஆளுக்கு இது மலை மாதிரித் தெரியும்: ஃபிங்கர்போர்ட் முடிகிற இடத்தில் ஜி ஸ்ட்ரிங் ஐந்தாறு மில்லிமீட்டர், ஈ ஸ்ட்ரிங் எட்டு ஒன்பது என்றால் விரலால் வாசிக்கத் தோதான உயரம். பன்னிரண்டு பதின்மூன்று என்று நின்றாலும் பிரிட்ஜைச் சீவி இறக்கலாம். பிரிட்ஜை ஏற்கெனவே குள்ளமாகச் சீவித் தள்ளியிருந்து, அப்படியும் ஸ்ட்ரிங் உயரமாகவே நிற்கிறது என்றால் மட்டும் கவனம், நெக்கே முன்னுக்குச் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை எடுக்க வேண்டாம்.

கடைசியாக விரல் முட்டியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே சுற்றி வாங்க. ஒட்டியிருக்கிற இடத்தில் 'டொக்' என்று இறுகிய சத்தம், விட்ட இடத்தில் செத்த மூங்கிலைத் தட்டினது போலச் சளசளக்கும். விளிம்பு விட்டிருப்பது பெரிய நோய் இல்லை, வச்சிரம் போட்டு ஒட்டிவிடலாம், ஆனால் விலையைக் குறைக்க நல்ல சாட்டு. முன்பலகையில் இருக்கிற எஃப் வடிவத் துளைக்குள் டோர்ச் அடித்து சவுண்ட் போஸ்ட் நேராக நிற்கிறதா என்றும் பாருங்க, கண்ணுக்கு எட்டாவிட்டால் போனைத் துளையருகே பிடித்து வீடியோ எடுங்க.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் விற்கிறவரிடம் கொட்டிவிட வேண்டாம். பிரிட்ஜ் சீவ, சவுண்ட் போஸ்ட் பொருத்த, ஸ்ட்ரிங் மாற்ற என்று ஒரு பங்கு ஒதுக்கி வையுங்க, நன்றாகச் சரிசெய்த மலிவு பேஸ் சரிசெய்யாத விலை கூடின பேஸை விட எப்போதும் சுகமாக வாசிக்கும். யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டுமா, கொழும்பில் சிம்பொனி ஒர்க்கெஸ்ட்ரா கச்சேரி நடக்கும்போது போய், இடைவேளையில் பேஸ் வாசிப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்க. பேஸ்காரர்களிடம் வந்து யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் கேட்டால் உற்சாகமாகப் பேசுவார்கள்.

இனி உங்கள் பழைய வித்தை. ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி அதேதான், ஆக எந்த நோட்டுக்கு எந்த நோட் பக்கத்தில் என்பது உங்களுக்கு மனப்பாடம், தாளத்தோடு நிற்கத் தெரியும், கோர்ட் மாறுவதைக் காது பிடிக்கும். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாட்டிக்கொள்வது இடது கையில். கிட்டார் நெக்கில் குறுக்கே கம்பி பதித்திருக்குமே, ஃப்ரெட், அதில் ஒன்றுக்கு ஒரு விரல் என்ற பழக்கம் கீழ்ப் பொசிஷன்களில், அதாவது கை தலைப் பக்கம் நிற்கும்போது, இங்கே செல்லாது. சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும்தான் வேலை செய்யும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணைக்குப் போகும். கை ஒரு இடத்தில் நின்றால் ஒரு ஸ்ட்ரிங்கில் அரைச் சுர இடைவெளியில் அடுத்தடுத்து மூன்று சுரம்தான் கிடைக்கும். ஜி மேஜரையே எடுங்க: ஈ ஸ்ட்ரிங்கில் நடுவிரலால் ஜி, ஏ திறந்த ஸ்ட்ரிங், பி சுட்டுவிரல், சி நடுவிரல், டி திறந்தது, ஈ சுட்டுவிரல், எஃப் ஷார்ப் சுண்டுவிரல், ஜி திறந்தது. கிட்டாரில் திறந்த ஸ்ட்ரிங்கைத் தவிர்த்தே பழகியிருப்பீர்கள், இங்கே அதுதான் உங்கள் சுருதிப் பெட்டி, விலகினால் உடனே காட்டிக்கொடுக்கும். மலிவாக ஒரு வில்லும் சேர்த்து வாங்கி வீட்டில் மெதுவாக இழுத்துப் பழகுங்க, விரலால் தட்டும்போது மறைகிற அபசுரம் வில்லில் மறையாது. வில்லில் தேய்க்கிற பிசின், ரோசின், பேஸுக்கென்று விற்பதாக இருக்கட்டும், வயலின் ரோசின் பிடிக்காது.

ஏற்றி வரும்போது வேனில் பக்கவாட்டில் படுக்கவையுங்க, பிரிட்ஜ் எதிலும் படக் கூடாது, எந்த வழியாக வந்தாலும் வளைவுகளில் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் உறையை உடனே கழற்றாமல் ஒரு இரவு விட்டுவிடுங்க. அடுப்படிச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டாம்.

கேள்வி: டபுள் பேஸ் வாங்க வசதியில்லை. ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார் வாங்கினால் அதே சத்தம் வருமா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: வராது. காது தேறும், சத்தம் வேறு. இழைந்து போகிற அந்தக் குரல் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதற்காகவே வாங்குங்க.

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் ஒரு பழைய டபுள் பேஸ் இருக்கிறது. பிரிட்ஜில் சத்தத்தை ஸ்பீக்கருக்கு எடுக்கிற பிக்கப் ஒட்டி நேராக மிக்ஸரில் கொடுத்தோம், தகரத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்கிறது. பிக்கப் கெட்டுவிட்டதா?
— வாசகர், நுவரெலியா

பதில்: பிக்கப் நன்றாகத்தான் இருக்கும். அது பியெசோ வகையாக, அதாவது மரத்தின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற வகையாக, இருந்தால் அதன் வயர் போய்ச் சேர்கிற உள்ளீட்டில் மின்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு மெகாஓம், பத்து என்றால் இன்னும் நல்லது. மிக்ஸரின் உள்ளீட்டில் அவ்வளவு இருக்காது, அதனால் அடிச் சுரமெல்லாம் காணாமல் போய் மேலே உள்ள கரகரப்பு மட்டும் மிஞ்சுகிறது. பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒரு பியெசோ ப்ரீஆம்ப், இந்த வகைப் பிக்கப்புக்கான சின்ன ஆம்ப், வையுங்க. ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே வருவதெல்லாம் வெறும் உறுமல் என்பதால் ப்ரீஆம்ப்பில் அடிச் சத்தத்தை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் அதை 35 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து வெட்டிவிடுங்க. அதற்குப் பிறகும் ஊளையிட்டால் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிற ஆளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்க.