அமெரிக்காவில் கடுங்குளிரில் கண்காட்சி மாட்டை எப்படித் தயார் செய்கிறார்கள்? ஷாம்பு, ஸ்பிரே எல்லாம் உறைந்துவிடாதா?

உறையும். அதனால்தான் இங்கே ஜனவரியில் மாடு கொட்டகையில் நிற்கும், அதன் ஷாம்பு வீட்டுக்குள் இருக்கும்.

நாங்கள் இருப்பது கொலராடோவின் வடக்குப் பகுதி. என் மகள் 4-எச் என்ற சிறுவர் அமைப்பில் சேர்ந்து, பக்கத்துப் பண்ணையில் ஒரு ஸ்டீயரை (காயடித்த இளங்காளை) வளர்க்கிறாள். மாட்டைப் பிடிப்பது, சீவுவது, சாணி அள்ளுவது எல்லாம் அவள் வேலை. வண்டி ஓட்டுவதும் ஹோஸைச் சுருட்டுவதும் என் வேலை. டென்வரில் 1906 முதல் நடக்கும் 'நேஷனல் வெஸ்டர்ன் ஸ்டாக் ஷோ' என்ற பெரிய கால்நடைக் கண்காட்சி ஜனவரியில்தான் வரும். அந்த மாதம் குளிர் வாட்டினால் ஊர்க்காரர்கள் அதற்கே 'ஸ்டாக் ஷோ வெதர்' என்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குளிர் மாட்டுக்கு எதிரியே இல்லை, ஈரம்தான் எதிரி. அடர்ந்த குளிர்கால முடி உலர்ந்திருந்தால், சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை மாடு கூடுதல் தீனி இல்லாமலே உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே குளிரத் தொடங்கிவிடும். முடிகளுக்கு இடையே நிற்கும் காற்றுதான் அதன் போர்வை. தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று போய்விடுகிறது.

கண்காட்சிக்காரர்களுக்கு வேண்டியதும் அந்த முடிதான். பகல் குறைந்து குளிர் கூடினால் முடி தானாக அடர்த்தியாக வளரும். கோடைக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இதே முடிக்காக மாட்டை ஏசி அறையில் கட்டிவைத்துக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். நமக்கு ஜனவரியில் அது இலவசமாகக் கிடைக்கிறது, கெடுக்காமல் இருந்தால் போதும்.

அதனால் உறைநிலைக்குக் கீழே போன நாட்களில் குளியலே கிடையாது. மாட்டுப் பொங்கலும் இதே ஜனவரியில்தான் வருகிறது. நம் ஊரில் மாட்டைக் குளத்தில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டும் அதே வாரத்தில் இங்கே மாட்டின் மேல் சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறோம். அந்த நாட்களில் உலர் வேலை மட்டும்தான். மாட்டுக்கென்றே இருக்கும் பெரிய ப்ளோயரால் தூசியையும் காய்ந்த சேற்றையும் ஊதித் தள்ளி, அப்புறம் கடினமான பிரஷ், கடைசியில் உலோகச் சீப்பு. முடியை எப்போதும் முன்பக்கமாகவும் மேல்நோக்கியும் சீவ வேண்டும். தினமும் இப்படிச் சீவினால்தான் முடி அந்த வாக்கில் நிற்கப் பழகும்.

கொலராடோவில் ஜனவரியிலும் நடுநடுவே நல்ல வெயில் நாட்கள் வரும். குளிப்பாட்டுவதென்றால் அன்றைக்கு மதியம், காற்று புகாத இடத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில். கழுவி முடித்ததும் ப்ளோயரை நிறுத்தவே கூடாது. முதுகிலிருந்து ஆவி எழும்பும், மேல்முடி பஞ்சாகப் பறக்கும், பார்த்தால் காய்ந்துவிட்டது என்றே தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். முன்னங்கால் இடுக்கு, அடிவயிறு, வால் அடி ஆகிய இடங்களில் விரலால் முடியை வகிர்ந்து தோலைத் தொட வேண்டும். விரல் நுனி ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. என் மகள் கையுறையைக் கழற்றிவிட்டு இதைச் செய்வாள். கையுறையோடு தொட்டால் ஒன்றும் தெரியாது. காதுக்குள் தண்ணீர் தேங்கினால் காது நுனி உறைந்து புண்ணாகிவிடும், அதையும் துண்டால் துடைத்துவிட வேண்டும்.

சரி, சாமான்கள். சோப்பு, கண்டிஷனர் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எங்கள் துணி துவைக்கும் அறையில் இருக்கின்றன. ஒருமுறை உறைந்து உருகிய கண்டிஷனர் பல நேரம் திரிந்து தண்ணீரும் கட்டியுமாகப் பிரிந்துவிடும். கால் முடியைத் தூக்கி நிறுத்தும் பசை ஸ்பிரேதான் பெரிய தொல்லை. குளிரில் டப்பாவுக்குள் அழுத்தம் குறைந்துபோய், புகையாக வர வேண்டியது கட்டி கட்டியாகத் துப்பும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதில் டப்பாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள். 50 டிகிரியைத் தாண்டினால் டப்பா வெடிக்கலாம். உள்ளே இருப்பதும் தீப்பற்றும் சரக்கு. அந்த ஸ்பிரே அடிக்கும் இடத்தில் ஹீட்டர் விளக்கு எரியவே கூடாது.

முடி கத்தரிக்கும் கிளிப்பர் மெஷினும் வீட்டுக்குள்தான். குளிரில் கிரீஸ் இறுகி மோட்டார் திணறும். ஆனால் வெளியே வேலை முடித்து உள்ளே கொண்டுவந்ததும் சில்லிட்ட பிளேடில் நீர் கோக்கும், துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடிக்கும். ஹோஸில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் உலக்கை மாதிரிக் கிடக்கும்.

கொட்டகையைச் சூடாக்கலாமே என்று ஊரிலிருந்து பேசும் எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மூடி வைத்தால் மூத்திர நெடியும் ஈரமும் தேங்கி மாட்டுக்கு நெஞ்சுச் சளி வரும், நிமோனியா வரைக்கும் போகும். காற்றுத் தடுப்பு, காலடியில் தடிமனான வைக்கோல், உறையாத குடிதண்ணீர், இவ்வளவு போதும். தொட்டியில் ஹீட்டர் போட்டிருக்கிறோம். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். கடுங்குளிர் இரவில் கூடுதலாகக் காய்ந்த புல் போடுகிறோம், நார்த்தீனி வயிற்றில் செரிக்கும்போதே சூடு பிறக்கும்.

குளிர்காலத்தில் மாட்டுக்குப் பேன் பெருகும் என்பது எனக்கே இங்கே வந்துதான் தெரியும். அரிப்பில் வேலியில் உரசி உரசி, மாதக்கணக்கில் வளர்த்த முடியைத் திட்டுத் திட்டாகக் கொட்டிவிடும். இலையுதிர் காலத்திலேயே மருந்து போட்டுவிட வேண்டும். இவை இறைச்சிக்குப் போகும் மாடுகள் என்பதால், மருந்து போட்டபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும், அதை மீறக் கூடாது. படர்தாமரை கண்ணில் பட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நமக்கும் ஒட்டும்.

டென்வரில் ஜெயிக்கும் ஸ்டீயரை பிரவுன் பேலஸ் என்ற பழைய ஆடம்பர ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் நிறுத்துவார்கள், 1945 முதல் நடக்கும் வழக்கம். பக்கத்திலேயே ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் மாடு அந்த அளவுக்குப் போகாது, அது வேறு விஷயம்.

உங்கள் பிள்ளையும் இதில் இறங்குவதாக இருந்தால், முதல் காசை நல்ல ப்ளோயருக்குப் போடுங்கள். பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. பசை ஸ்பிரே கண்காட்சி வாரத்தில் வாங்கினால் போதும், அதைக் கரைத்தெடுக்கும் எண்ணெயையும் கையோடு வாங்கிவிடுங்கள். பசையை அப்படியே விட்டால் முடி உடையும். பசையைக் கரைத்தபின் மாட்டைக் கழுவ வேண்டும் என்பதால் வெந்நீர் வசதி இருக்கும் இடத்திலேயே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.