பழகுறது பிள்ளையின்ர உடம்பு இல்ல, கிருமி

கேள்வி: என்ர மகனுக்கு அடிக்கடி தொண்டை நோ வரும். போனமுறை டொக்டர் தந்த அமொக்சிசிலின்ல ஏழெட்டுக் குளிசை மிஞ்சிக் கிடந்துது, முந்தநாள் காய்ச்சல் வந்தோடன அதைத்தான் குடுத்தன், இன்னும் விட்டபாடில்ல. அன்ரிபயோட்டிக் கனக்கக் குடுத்தா உடம்பு பழகிப்போகும் எண்டு மாமி சொல்லுறா. உண்மையா டொக்டர்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏழெட்டு எப்பிடி மிஞ்சினது தங்கச்சி? அதத்தான் நான் முதல் கேப்பன். சரி, அத விடுவம்.

மாமி சொன்னது பாதி சரி. பழகுறது மகன்ர உடம்பு இல்ல, கிருமி. அமொக்சிசிலின் பென்சிலின் குடும்பம், பக்டீரியா தன்னைச் சுத்திச் சுவர் கட்டுறதக் குழப்பும், சுவர் இல்லாட்டி அது வெடிச்சுச் செத்துப்போகும். ஆனா சில பக்டீரியா அந்த மருந்தையே வெட்டிப்போடுற ஒரு நொதியச் செய்யும், இது இப்ப வந்த கதையில்ல, பென்சிலின் சனத்துக்குக் கிடைக்க முந்தியே 1940ல ஒக்ஸ்போர்ட்டில ஏப்ரகாம், செயின் எண்ட ரெண்டு விஞ்ஞானியள் இதக் கண்டு எழுதிட்டினம். கோ-அமொக்சிக்ளாவ் எண்டு தாறாங்களே, அதில இருக்கிற கிளவுலானிக் அசிட்டுக்கு அந்த நொதிக் கத்திரிக்கோலப் பிடிச்சு வைக்கிறதுதான் வேலை.

இதவிடப் பொல்லாதது என்னெண்டா, வீட்டுவேலைக் கொப்பியப் பாத்து எழுதுற பிள்ளையள் மாதிரி ஒரு பக்டீரியா இந்த வித்தைய மற்றதுக்குக் குடுக்கும், பிளாஸ்மிட் எண்டு சின்ன டி.என்.ஏ. வளையம் ஒண்டாலதான், வேற இனத்துக்குக்கூடக் குடுக்கும். தொண்டைக்கு எண்டு நீங்கள் குடுத்த குளிசை குடலுக்கும் போகுதுதானே, அங்க ஒரு கரைச்சலும் இல்லாம இருந்ததுகள் சாக, தப்பினதுகள் இடம் பிடிச்சுப் பெருகும், நல்ல வசதி கிடைச்சா ஈ-கோலி எண்ட குடல் பக்டீரியா 20 நிமிசத்தில ஒண்டு ரெண்டாகும். பிறகு கக்கூசால கைக்கு, கையால சோத்துக்கு, அப்பிடியே தங்கச்சிக்கும் மாமிக்கும். அதாலதான் சவுக்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லி நாங்கள் தொண்டை கிழியக் கத்துறம். மிச்சக் குளிசைய அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் குடுத்திராதேங்கோ.

ஆனா இந்தமுறை கேக்கேல்ல எண்டோடன கிருமி பழகிட்டுது எண்டு முடிவெடுக்கேலாது. தொண்டை நோ கனக்க வைரஸாலதான் வாறது, வைரஸுக்குச் சுவரே இல்ல, பிறகு எதக் குழப்புறது? ஸ்ட்ரெப் எண்ட பக்டீரியா எண்டாத்தான் அன்ரிபயோட்டிக் வேணும், அதுக்கு வழமையா 10 நாள் தாறது ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தப் பழுதாக்கும் எண்டதாலயும்தான், நோ குறைஞ்சிட்டுது எண்டு மூண்டாம் நாள் நிப்பாட்டக்கூடாது.

கொழும்பில காய்ச்சல் எண்டா டெங்குவையும் யோசிக்கோணும், அதுவும் வைரஸ். பனடோல் மட்டும் அளவாக் குடுங்கோ, புரூஃபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டி ரத்தம் சோதியுங்கோ. போகேக்க எத்தின குளிசை குடுத்தனீங்கள் எண்டதையும் சொல்லுங்கோ, ஏச்சு விழும் எண்டு மறைக்கிற அம்மாமார்தான் கூட.